வீட்டுப் பட்டறைக்கு எந்த மரக்கடைசல் லேத்?

கடைசல் பழக விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது, மரத்தைச் சுழற்றி உளியால் கடைய உதவும் லேத் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை போகும் என்றுதான். எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடைசலில் ஒரு கைக்கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து வேகத்தால் பெருக்கினால், விடை 6000-க்கும் 9000-க்கும் நடுவே இருக்க வேண்டும். 2 அங்குலப் பம்பரம் 3000-இல் சுகமாகச் சுற்றும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 போதும். அதுவும் கட்டை உருண்டையான பிறகு. கோடரியால் கொத்திய கோணல் கட்டைக்கு இன்னும் கீழே இறங்க வேண்டும்.

மேசைமேல் வைக்கும் சிறிய லேத்தில் 8 முதல் 10 அங்குலம் வரை விட்டம் சுழலும். அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஐந்து படிப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்); பெல்ட்டைப் படி மாற்றி மாட்டினால் வேகம் மாறும். பெரும்பாலும் 400, 500-க்குக் கீழே இறங்காது. பேனா, சதுரங்கக் காய், மத்து, அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் அளவுக்கு இது நல்ல கருவி. ஆனால் இப்படி ஒன்றில் 8 அங்குலப் பூவரசங்கட்டையை மாட்டி நான் ஓட்டினேன். பாதி ஈரம், ஒரு பக்கம் வைரம் (கனமான உள்மரம்), மறுபக்கம் வெளிறு (இலேசான வெளிமரம்). சுவிட்சைப் போட்டதும் லேத் மேசையோடு சேர்ந்து சுவரை நோக்கி நகரத் தொடங்கியது. உளியை நான் எடுக்கவே இல்லை.

அடுத்தது, உள்ளூர்ப் பட்டறையில் இரும்புச் சேனல் வைத்துச் செய்து தரும் லேத். எடைதான் இதன் பெரிய பலம். கோணல் கட்டையையும் அசையாமல் தாங்கும். கட்டில் கால், தூண் போன்ற நீள வேலைக்கு பெட்டின் (லேத்தின் நீள அடித்தளம்) நீளத்தை நாமே சொல்லிச் செய்துகொள்ளலாம். 1440 ஆர்.பி.எம். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, மரத்தைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலில் 6 அங்குலப் புல்லி போட்டால் 480 கிடைக்கும். பெல்ட்டோ பேரிங்கோ போனால் பக்கத்துக் கடையிலேயே வாங்கி மாற்றிவிடலாம். குறை, ஸ்பிண்டில் நுனியின் திருகு மரையில். பட்டறைக்காரர் தம் வசதிக்கு ஒரு மரை வெட்டிவிட்டால், பிறகு மரத்தைக் கவ்விப் பிடிக்கும் எந்தச் சக்கும் அதில் ஏறாது. ஒரு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 புரி என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். பெல்ட்டுக்கு மூடியும் கேட்டு வாங்குங்கள். வேட்டி, துண்டோடு நிற்கிற ஊர் இது.

இதில் மூன்று பேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) சேர்த்தால் வீட்டின் 230 வோல்ட் ஒற்றை பேஸிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வேகம் பாதியானால் மோட்டாரின் திறனும் பாதியாகும், அதன் விசிறியும் மெதுவாகிச் சூடேறும். ஆகவே வி.எஃப்.டி. வைத்தாலும் படிப் புல்லியைக் கழற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது, மின்னணு வேகக் கட்டுப்பாடு உள்ள நடுத்தர லேத். ஜெட் 1221 போன்றவை: 12 அங்குல விட்டம், 21 அங்குல நீளம் வரை மரம் பிடிக்கும், 1 குதிரைத்திறன், மூன்று பெல்ட் நிலைகளில் வேகம் 60 முதல் 3600 வரை. ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழைத் திருப்பி, கட்டையின் அதிர்வு அடங்கும் இடத்தில் நிறுத்தலாம். இந்தச் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர் அடிக்கடி பெல்ட் மாற்ற மனம் ஒப்பமாட்டார். விலை அதிகம், கட்டுப்பாட்டுப் பலகை பழுதானால் உதிரிக்குக் காத்திருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான 115 வோல்ட் இயந்திரம் கைமாறி வருவதும் உண்டு, பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கிண்ணம்தான் ஆசை என்றால் என் தேர்வு மூன்றாவது. பணம் எட்டாதவர் சிறியதற்கு இறங்க வேண்டாம், உள்ளூர் லேத்துக்குப் போகலாம். எதை வாங்கினாலும் சக்குக்கும் சாணைக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மழுங்கிய உளி எந்த லேத்திலும் நாரைப் பிய்க்கத்தான் செய்யும்.

பணத்தை நீட்டுமுன் இரண்டு பக்கமும் கூர்முனைகளைப் பொருத்தி, நகரும் தலையான டெயில் ஸ்டாக்கை, ஸ்பிண்டில் உள்ள நிலையான தலையான ஹெட் ஸ்டாக் வரை தள்ளிப் பாருங்கள். இரண்டு முனைகளும் நுனியோடு நுனி தொட வேண்டும். நடுவே ஒரு பழைய பிளேடைப் பிடித்து மெல்ல நெருக்கினால், பிளேடு சாய்கிற பக்கமே விலகலைக் காட்டிக் கொடுத்துவிடும்.