பெட்டியா, ஆளா? எச்.ஐ.வி. பரவலைக் கணிக்க எந்த மாதிரி

2023 தொடக்கத்தில், ஒரு மாவட்டச் சுகாதாரத் திட்டத்துக்காக எச்.ஐ.வி. பரவலைக் கணித்துக் கொடுக்கும் வேலை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கைக்கு வந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருவர், அதில் நான் ஒருவன். பெட்டி மாதிரி, தனிநபர் மாதிரி என்ற இரண்டு கணித மாதிரிகளையும் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன். ஆகவே இதில் நடுவர் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

தொற்று இல்லாதவர், தொற்று உள்ளவர், மருந்து எடுப்பவர் என்று மக்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாதந்தோறும் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று சமன்பாடு போடுவது பெட்டி மாதிரி. தனிநபர் மாதிரியில் கணினிக்குள்ளேயே ஒரு லட்சம் பேரைப் பிறக்கவைத்து, வயதேற்றி, துணை தேடவைத்து, பிரியவைத்து, ஒவ்வொரு உறவுக்கும் பகடை உருட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் அதிகாரப்பூர்வ மதிப்பீடுகளுக்கு அடிப்படையாக இருக்கும் தெம்பிசா முதல் வகை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் லீ ஜான்சனும் ராப் டோரிங்டனும் உருவாக்கியது. அதே ஜான்சன் மைக்ரோகாஸம் என்ற தனிநபர் மாதிரியையும் உருவாக்கியிருக்கிறார். கைதேர்ந்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்ற நிலை எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குத்தான்.

வேகத்தில் பெட்டி முந்தும், சொல்லவே தேவையில்லை. இரண்டு வகைக்கும் இலவச மென்பொருள் கிடைக்கிறது. திரையில் புள்ளிகள் நகர்வதைக் காட்டினால் கூட்டத்தில் கைதட்டல் தனிநபர் மாதிரிக்குத்தான்.

அந்தக் கைதட்டலில் நியாயமும் உண்டு. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வைரஸின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வில், 25 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத் தொற்றைத் தந்திருக்கக்கூடிய ஆண்கள் சராசரியாக 8.7 வயது மூத்தவர்களாக இருந்தார்கள். அந்த ஆண்களுக்கோ தொற்று பெரும்பாலும் தங்கள் வயதையொத்த பெண்களிடமிருந்து வந்திருந்தது. யாரோடு யார் என்ற இந்தச் சங்கிலியைத் தனிநபர் மாதிரி இயல்பாகவே பிடித்துக்கொள்ளும். பெட்டிக்கு நினைவாற்றல் கிடையாது. பத்து வருடம் ஒரே துணையோடு இருப்பவரும் அதற்குக் கூட்டத்தில் ஓர் ஆள்தான். இதைச் சரிக்கட்ட இரு பால், 15 வயதுக்குழு, 3 ஆபத்துநிலை, 5 நோய்நிலை என்று பிரித்தால் 450 பெட்டிகள் ஆகிவிடும். மருந்து எடுப்பவர், எடுக்காதவர் என்று இன்னும் ஒரு கோடு போட்டால் 900. பெட்டி எளிமையானது என்று சொல்பவர்கள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புதான். யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவது யார்?

எங்கள் குழுவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்த செவிலியர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். அக்காவுக்குக் காவடிப் பாட்டு முழுக்கத் தெரியும், ‘தொற்று’ என்ற சொல் தெரியாது. எங்கள் பேச்சு பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஒருநாள் தேநீரோடு வந்து என் பட்டியலில் ஒரு வரிசையை விரலால் தொட்டார். “காணாமல் போனவர்கள் என்று எழுதியிருக்கிறாயே தம்பி, இவர்கள் எங்கே காணாமல் போனார்கள்? ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். அங்கே இன்னொரு கிளினிக்கில் புது நோயாளி என்று பெயர் கொடுத்திருப்பார்கள்.”

அவர் சொன்னது சரி. மருந்தை விட்டவர்கள் என்று நாங்கள் எண்ணியதில் ஒரு பங்கு வெறும் இடமாற்றம். பெட்டி மாதிரியில் இதற்கு வேண்டியது, விட்டவர்களை மருந்துப் பெட்டிக்கே திருப்பும் ஓர் அம்பு, அதற்கு ஒரு வீதம். எழுதி ஓட்டிப் பழைய கணிப்புக் கோட்டோடு ஒப்பிட்டபோது அக்காவின் தேநீர் ஆறியிருக்கவில்லை.

அதே மாற்றத்தைத் தனிநபர் மாதிரியில் செய்யப் போனேன். ஒருவர் ஊர் மாறினால் அவருடைய துணை என்ன ஆவார்? புது ஊரில் துணை தேடுவாரா, ஊருக்கு வரும்போது பழைய உறவு தொடருமா? ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுரு, அதாவது மாதிரிக்கு நாம் கொடுக்க வேண்டிய ஓர் எண். எதற்கும் எங்கள் மாவட்டத்தில் தரவு இல்லை. அதைவிடத் தொல்லை, ஒரே அளவுருக்களோடு இரண்டு முறை ஓட்டினால் இரண்டு விடை வரும். நூறு முறை ஓட்டிச் சராசரி எடுக்காவிட்டால் இப்படிப்பட்ட சிறிய மாற்றத்தின் பலன் பகடையின் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. மூன்று நாள் ஓட வேண்டிய கணக்கை வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அது சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. ஞாயிறு இரவு மின்சாரம் போய், மாற்று மின்கலமும் தீர்ந்து, திங்கட்கிழமை காலையில் இருந்தது பாதிக் கோப்பு. இடையிடையே சேமித்து வைக்கும்படி நிரல் எழுதாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இது ஒருமுறைச் செலவும் இல்லை. நாடளாவிய வீட்டுக் கணக்கெடுப்பு 2017-இல் தொற்றுள்ளோர் 14 விழுக்காடு என்றது, 2022-இல் 12.7 என்றது. இப்படி ஓர் எண் வெளிவரும்போதெல்லாம் மாதிரியை மறுபடி தரவோடு பொருத்த வேண்டும். பெட்டியை ஒரு மதியத்தில் பொருத்திவிட்டேன். தனிநபர் மாதிரியில் வெவ்வேறு அளவுருக் கூட்டங்கள் ஒரே கோட்டைத் தந்தன. எதை நம்புவது என்று உட்கார்ந்து பேசவே இரண்டு வாரம் போயிற்று. அதற்குள் நிரல் தெரிந்த இன்னொருவர் கேப் டவுனில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் எழுதிய பாதியைப் படித்துப் புரிந்துகொள்வதே தனி ஆராய்ச்சி.

இவ்வளவு தீனிக்குக் கிடைக்கும் துல்லியம்தான் என்ன? 2012-இல் ஜெஃப் ஈட்டன் குழுவினர், தென்னாப்பிரிக்காவுக்கான 12 மாதிரிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரு வகையும் அதில் இருந்தன. சி.டி.4 என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் அளவு 350-க்குக் கீழே இறங்கிய பிறகு 80 விழுக்காட்டினர் மருந்து தொடங்கி, மூன்றாண்டுக்குப் பிறகும் 85 விழுக்காட்டினர் தொடர்ந்தால், எட்டாண்டில் புதுத் தொற்று எவ்வளவு குறையும்? விடைகள் 35 முதல் 54 விழுக்காடு வரை பரவின. இடைவெளி இவ்வளவு இருக்கும்போது, ஒவ்வோர் ஆளுக்கும் பகடை உருட்டி நான் எதைக் கூர்மையாக்கப் போகிறேன்?

பெட்டிக்காரர்களும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எல்லோரையும் ஆண்டுதோறும் சோதித்து உடனே மருந்து கொடுத்தால் பத்தாண்டுக்குள் புதுத் தொற்று ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போகும் என்று 2009-இல் ஒரு புகழ்பெற்ற கணிப்பு வந்தது. எங்கள் மாகாணத்து லபிசாவில் இதே யோசனையைக் கிராமம் கிராமமாகச் சோதித்தபோது, சமூக அளவில் புதுத் தொற்று குறையவில்லை. சோதனையில் தெரிந்தவர்களே கிளினிக்குக்கு வந்துசேரத் தாமதித்தார்கள். இதில் நான் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்கள் அம்பு போட்ட வேகத்தில் நகர்வார்கள் என்ற அனுமானம் தப்பு. அதே அனுமானத்தோடு தனிநபர் மாதிரியை ஓட்டியிருந்தாலும் இதே வழுக்கல்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உறுதி இல்லை. ஆண்டுக்கு இருமுறை போடும் லெனாகபாவிர் என்ற தடுப்பு மருந்து ஊசியை இங்கும் உகாண்டாவிலும் சோதித்து 2024-இல் வெளிவந்த முடிவில், அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. ஊசி குறைவாகவே கிடைத்தால் முதலில் யாருக்குப் போடுவது என்ற கேள்வி யாரோடு யார் என்ற சங்கிலியைப் பொறுத்தது. அங்கே தனிநபர் மாதிரி வெல்லலாம். ஆறு மாதம் ஓட்டிய அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்லத் துணிச்சல் இல்லை.

அந்த மாதிரியை அழித்துவிடவில்லை. வயது வித்தியாசம் பற்றி யாராவது கேட்டால் சனிக்கிழமை இரவில் ஓடவிடுகிறேன், இப்போது இடையிடையே சேமிக்கிறது. 2022 கணக்கெடுப்பை மட்டும் இன்னும் அதற்கு ஊட்டவில்லை.