உப்புக்காற்றில் ஒரு போன்: நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

போன் வெளிவந்த வாரத்தில் வரும் விமர்சனங்களில் டிஸ்பிளே வெளிச்சம் எத்தனை நிட்ஸ், கேமரா எத்தனை மெகாபிக்சல், கேம் ஆடினால் சூடாகிறதா என்பதெல்லாம் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குடியிருக்கிறவனுக்கு வேண்டிய ஒரு விஷயம் மட்டும் இருக்காது. சார்ஜர் குத்தும் ஓட்டை எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதவும் முடியாது, அதைத் தெரிந்துகொள்ள ஒன்றிரண்டு ஆடி மாதம் தாண்ட வேண்டும்.

என் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். வாசலில் நின்றால் அலை கேட்கும். மனைவி வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள். வாரம் முழுக்க உப்புக்காற்று, ஞாயிற்றுக்கிழமை மலைச்சாரல் என்று என் போனுக்கு இரண்டு விதமான ஈரமும் கிடைக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஜில்லா இது. அதனால் இரண்டு வருஷம் பயன்படுத்தினேன் என்றால் நான்கு மழைக்காலம் என்று அர்த்தம். போன் இருபதாயிரத்துக்குள் வாங்கியது, சார்ஜர் ஓட்டை டைப்-சி, தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண் ஐபி54. கம்பெனி பெயர் முக்கியமில்லை. இந்த விலையில் எதை வாங்கியிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷ ஆடியில் ஆரம்பித்தது. கேபிளைக் குத்தினால் சார்ஜ் ஏறும், திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிடும். கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே தீப்பெட்டி முட்டுக் கொடுத்தால் மறுபடி ஏறும். ஓட்டைக்குள் இருக்கும் பின் (மெல்லிய உலோக முனை) லூசாகிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நாகர்கோவிலில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் லென்சுக்கு அடியில் வைத்துக் காட்டினார். லூசெல்லாம் இல்லை. உள்ளே பச்சை பூத்திருந்தது.

டைப்-சி ஓட்டைக்குள் 24 பின் இருக்கிறது. பழைய மைக்ரோ யுஎஸ்பியில் 5தான். சின்ன இடத்தில் இத்தனை பின் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கடல்காற்றோடு வரும் உப்புத்தூள் போய்ப் படிகிறது. உப்பு சும்மா இருந்தால் பரவாயில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். நம் கடற்கரையில் 75 சதவீதம் என்பது மழைக்காலத்துக்குச் சாதாரண விஷயம். ஆக, போன் தண்ணீரில் விழவே வேண்டாம், உள்ளேயே உப்புத்தண்ணீர் ஊறிக்கொள்ளும். அந்த நிலையில் சார்ஜர் குத்தினால் கரன்ட் பாய்ந்து பின்னின் மேல்பூச்சை அரித்து, அடியில் இருக்கிற செம்பைப் பச்சையாக்கிவிடும். கெடுதல் நடப்பது பெரும்பாலும் சார்ஜ் ஏறும்போதுதான். இதை மெக்கானிக் ஒரே வரியில் சொன்னார்: "ஈரத்தோட சார்ஜ் போடாதீங்க, காயட்டும்."

வாரண்டி இருந்ததால் முதலில் சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டு சிவப்பாக மாறியிருக்கிறது, தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். மழையில் பைக் ஓட்டும்போது சட்டைப்பையில் இருந்தது உண்மைதான். அதற்குத்தானே ஐபி54 என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள் என்று கேட்டேன். அங்கே கவுன்டரில் இருந்த பெண்ணுக்கும் பதில் தெரியவில்லை, பாவம்.

இந்த ஐபி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம். 68 என்றால் அதற்கும் மேலே, எவ்வளவு ஆழம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே சொல்லிக்கொள்ளும். இவை எல்லாமே ஆய்வுக்கூடத்தில், நல்ல தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்யும் சோதனை. கடல் தண்ணீருக்கு இது பொருந்தாது என்று அவர்களே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாளாக நாளாக ஒட்டுப்பசை தளரும் என்பதும் அங்கேயே இருக்கும். ஐபி68 போனைக் கையில் வைத்துக்கொண்டு குளச்சல் கடலில் இறங்கி வீடியோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, நனைந்துவிட்டால் என்ன செய்வது? அரிசிப் பானைக்குள் போடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அரிசித்தூள் உள்ளே போய்ப் போனைக் கெடுக்கலாம், போடாதீர்கள் என்று ஆப்பிளே 2024இல் சொல்லிவிட்டது. ஓட்டை கீழே பார்க்கும்படி கையில் தட்டிவிட்டு, மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் போதும். உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் அதுவும் போதாது. மெக்கானிக் கையில் கொடுத்து ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும். என் போனுக்குக் கழுவியும் சரியாகாமல் சப் போர்டு, அதாவது சார்ஜர் ஓட்டை இருக்கும் சின்னப் பலகை, மாற்ற வேண்டி வந்தது. புது போன் வாங்குவதோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. ஆனால் அந்த மாடலுக்குப் போர்டு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓட்டையைக் காப்பாற்ற காந்த முனை கேபிள் வாங்கச் சொல்லி ஒரு நண்பன் யோசனை சொன்னான். சின்ன முனை போனிலேயே மாட்டிக் கிடக்கும், கேபிள் காந்தத்தில் 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். மதுரையில் இருக்கிறவனுக்கு நல்ல யோசனை. மணவாளக்குறிச்சியில் ஓடாது. எங்கள் கடற்கரையில் இருப்பது கருமணல். அதில் இல்மனைட் இருக்கிறது, காந்தத்துக்கு இழுபடும் தாது. இங்கே இருக்கிற மணல் ஆலையில் இல்மனைட்டைப் பிரிப்பதே காந்தத்தை வைத்துத்தான். காந்த முனையோடு கடற்கரையில் சும்மா உட்கார்ந்து எழுந்தாலே போதும், கருப்பாகத் தாடி முளைத்த மாதிரி மணல் ஒட்டியிருக்கும். துடைத்தால் போகாது, செலோ டேப் ஒட்டிப் பிடுங்க வேண்டும். காதில் மாட்டுகிற புளூடூத் இயர்பட்சுக்கும் இதே கதிதான். டப்பாவின் மூடியில் காந்தம், பட்ஸ் உட்காரும் குழியில் காந்தம், ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம். ஒரு தடவை மணலில் விழுந்த டப்பா அதற்குப் பிறகு முழுசாக மூடவே இல்லை. சத்தம் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், இடது பக்கம் பாதிதான் கேட்கிறது.

ஸ்மார்ட் வாட்ச் பற்றி ஒரே வரி: பின்பக்கம் சார்ஜ் ஏறுகிற இரண்டு பின்னும் வியர்வையில் பச்சை பிடித்தன, இப்போது மேஜை இழுப்பறைக்குள் கிடக்கிறது.

கேமராவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கைப் பார்த்துப் படம் எடுத்தால் சுற்றிலும் புகை போட்ட மாதிரி வருகிறது என்று பலர் புலம்புவார்கள். முட்டம் கலங்கரை விளக்கத்தடியில் நின்றாலும், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே போட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நின்றாலும் அப்படித்தான் வரும். அது உப்புப் படலம். வேட்டி நுனியால் அப்படியே துடைத்தால் உப்போடு ஒட்டியிருக்கும் மணல்துகள் லென்ஸ் கண்ணாடியைக் கீறலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். அதைச் செய்த பிறகு என் போன் எடுக்கும் சூரிய அஸ்தமனத்துக்கு விலை அதிகமான போன்கள் தோற்றுப்போகும்.

மலைப்பக்கம் போனால் கஷ்டமே வேறு. மாமனார் சொந்த ரப்பர் மரங்களில் தானே பால் வெட்டுகிறார். ரப்பர் பால் விடியும் முன்னால்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டில் கிளம்புகிறவர். பால் பட்ட விரலில் மெல்லிய தோல் மாதிரி ரப்பர் படிந்திருக்கும், பாலை உறைய வைத்து ஷீட் போட ஆசிட் தொட்ட கை வேறு. ரேகை எங்கே தெரியும்? ரேஷன் கடை மெஷினே சில நாள் அவர் விரலை ஏற்காது. என் போனில் இருப்பது திரைக்கடியில் வெளிச்சம் அடித்துப் படம் பிடிக்கும் ஒளி சென்சார், அது அவர் விரலைச் சீண்டவே இல்லை. விலை கூடிய போன்களில் வரும், ஒலி அலையால் ரேகையைப் படிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஈரக்கைக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் ரப்பர் படிந்த விரலுக்கு எதுவும் உதவாது. கடைசியில் அவர் போனுக்கு நாலு இலக்க எண்தான் போட்டுக் கொடுத்தேன். "இது போரும் மருமவனே, கைநாட்டு நமக்கு எதுக்கு" என்றார்.

மாமனார் வீட்டில் நான் மெச்சுவது போனை அல்ல, தலையில் கட்டும் ஹெட்லைட்டை. பால் வெட்டுகிறவருக்கு அதுதான் முதல் கருவி. பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் காயப்படும். நீல வெள்ளை வெளிச்சத்தில் பட்டையின் நிறம் பிரிந்து தெரியவில்லை, பூச்சியும் மொய்க்கிறது என்பது அவர் கட்சி. மஞ்சள் கலந்த வெளிச்சம் உள்ளதைத் தேடி வாங்கினோம். உள்ளே போடுவது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி அடைக்கிற அதிகபட்சமே 3,500 எம்ஏஎச் (செல்லில் சேரும் மின்சாரத்தின் அளவு) சுமாருக்குத்தான். சந்தையில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். அது பொய். கையில் எடுத்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒன்று எங்களிடம் இருந்தது, ஒரு வரிசை மரம் முடிவதற்குள் மங்கிவிடும். சொந்தமாகச் செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற ஹெட்லைட்டாகப் பார்த்து வாங்குங்கள். லைட்டோடு சேர்த்து ஒட்டிவைத்த செல் என்றால், செல் போனதும் லைட்டும் குப்பைக்குத்தான்.

போன் பேட்டரி குலசேகரத்தில் சீக்கிரம் இறங்குகிறது. தோட்டத்துக்குள் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகும். டவர் எட்டாதபோது போன் தன் ரேடியோ சக்தியைக் கூட்டிக் கத்திக்கொண்டே இருக்கும், அதுதான் பேட்டரியைத் தின்கிறது. அங்கே போனதும் ஏரோபிளேன் மோட் போட்டு வைஃபையில் இருப்பது உத்தமம். பேட்டரி தேய்மானத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் ஒரு விதி இருக்கிறது. 800 தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். என் போன் அதற்கு முந்தைய பிறவி, மாலை ஐந்து மணிக்கே சார்ஜர் தேடுகிறது. சாம்சங்கும் கூகுளும் தங்கள் உயர்விலை போன்களுக்கு ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்கிறார்கள். மென்பொருளுக்கு ஏழு வருஷம் சரி, ஓட்டைக்கு? வயர் இல்லாமல் சார்ஜ் ஏறும் போன் எங்கள் ஊருக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வசதி இருபதாயிரத்துக்குள் இன்னும் சரியாக இறங்கவில்லை என்பதுதான் தொல்லை.

கடலுக்குப் போகிறவர்கள் இதில் எல்லாரையும் விடத் தெளிவு. பக்கத்து வீட்டு அண்ணன் வள்ளத்தில் போகும்போது பட்டன் போனை பிளாஸ்டிக் உறையில் கட்டித்தான் எடுத்துப் போவார். ஸ்மார்ட் போன் வீட்டில் இருக்கும். "பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினா டவரே கெடையாது, அத வச்சு என்ன செய்ய" என்பார். அதற்கு அப்பால் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்காகச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கிப் புளூடூத்தில் போனுக்குத் தரும் ஜெமினி என்ற கருவி 2019இல் வந்தது. ஒக்கி புயல் இந்தக் கரையில் செய்ததைப் பார்த்த பிறகு அப்படி ஒன்றைச் சொகுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒக்கி அடித்தது 2017 நவம்பர் 30. கரன்ட் போஸ்ட், மரமெல்லாம் சாய்ந்து நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பவர் பேங்க் இல்லாத வீடு அபூர்வம். ஐப்பசி இடியில் அடிக்கடி கெட்டுப்போவது வைஃபை ரௌட்டரின் அடாப்டர். பைபர் கேபிள் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் வராது. கரன்ட் லைன் வழியாகத்தான் வந்து அடாப்டரைச் சுடும். இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் ரௌட்டரை ஓட்டுகிறேன், சில மணி நேரம் தாங்குகிறது. பவர் பேங்க் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதை 5 வோல்ட்டாக மாற்றி, சூட்டில் போவதையும் கழித்தால் கைக்கு வருவது 12,000 முதல் 13,000தான். ஏமாற்றுவதாக நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். மாமனாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் அதில் சார்ஜ் போடுவது ஹெட்லைட்டுக்குத்தான், போன் எங்கே கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது.