"எல்லா வில்லுக்கும் பொருந்தும்" என்று விற்கும் அம்பறாத்தூணி: ஏமாறாதீர்கள்

வில்லிலேயே கட்டிக்கொள்ளும் ஐந்து அம்புத் தூணி. முனை வளைந்த ரிகர்வ், நீள வில்லான லாங்போ இரண்டுக்கும் சரியாக இருக்கும் என்று அடித்துச் சொல்லித்தான் விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்குச் செய்த சரக்கு. கூட இரண்டு ரப்பர் பட்டையைப் போட்டு, மேலே "பாரம்பரிய வில்" என்று ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய ஆபத்து, அம்பு முனைகளை மூடும் தொப்பியில். உள் ஆழம் மொத்தமே 2 அங்குலம். காம்பவுண்டுக்காரர்களின் குட்டை முனைக்கு அது தாராளம். அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம் (3:1) என்ற கணக்கில் செய்த இரட்டை அலகு முனையோ 3 அங்குல நீளம். ஃபோமைத் துளைத்து அடிவரை தள்ளினாலும் பின்பக்கம் ஒரு அங்குலம் வெளியே நிற்கும், அலகு அகன்றிருக்கும் இடமும் அதுதான். வில்லைத் தோளில் மாட்டும்போது விரல் போகிற பாதையில் சவர பிளேடு போல நிற்கிறது. ஐந்து முனைக்கும் போதிய அகலம் இல்லாததால் அலகோடு அலகு உரசி, கூர் மழுங்குவது தனிக் கதை.

அடுத்து, அம்புத் தண்டைப் பிடிக்கும் கவ்வி. மெல்லிய கார்பன் தண்டுக்கு வார்த்த ரப்பர் அது. அதில் 11/32 அங்குல (8.7 மி.மீ.) மர அம்பை அழுத்தினால் வாய் பிளந்து நிற்கிறது, நாலைந்து முறை போட்டு எடுத்ததும் அடியில் கிழிந்துவிட்டது. நேர்மாறாக, மரத்துக்கு வார்த்த கவ்வியில் 7.5 மி.மீ. கார்பனைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: நடக்க நடக்க அம்பு கீழே வழுகி, முனை ஃபோமை விட்டுத் தொப்பிக்கு வெளியே வந்துவிடும். ஆகவே தண்டின் வெளிவிட்டத்தை அளந்து சொல்லி, அதே அளவுக் கவ்வி கேளுங்கள்.

பட்டை இரண்டையும் இணைக்கும் கம்பிக்கு நீளம் மாற்றும் வசதி இல்லை. மேல் பட்டையைச் சரியான இடத்தில் கட்டினால், கீழ்ப் பட்டை, ரைசர் (வில்லின் நடுக் கைப்பிடிப் பகுதி) மெலிந்து லிம்பில் (வளையும் கை) கரையும் இடத்தைத் தாண்டி, வளைகிற பகுதியில் விழுகிறது. அங்கே எதைக் கட்டினாலும் ஒவ்வொரு எய்தலுக்கும் பட்டை நகரும், சத்தம் வரும், அம்பு விழும் இடமும் மாறும். ரப்பர் அச்சு வார்னிஷில் பதிந்துவிடும். அந்த அச்சையே காட்டி, "பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்று விற்றவர் கைவிரித்துவிட்டார்.

அதனால் கட்டுவதற்கு முன்பே அளவெடுத்து, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் உள் ஆழம், கவ்வியின் வாய், பட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரம் மூன்றும் போதும். கட்டும்போது பட்டைக்கு அடியில் மெல்லிய தோல் துண்டு வையுங்கள்.

லிம்பைக் கழற்றி மாட்டும் ரிகர்வ் என்றால் லிம்ப் போல்ட்டுக்கு அடியில் பிடிக்கும் தூணி நல்ல தேர்வு. ரைசரில் திருகுப் புதை (திருகு ஏறும் உலோகத் துளை) இருந்தால் மரை அளவைப் பாருங்கள்: தூணிக்குப் பெரும்பாலும் 10-24, ஸ்டெபிலைசருக்கு (வில் ஆடாமல் இருக்க மாட்டும் தண்டு) 5/16-24. ஏறாததை முறுக்கி ஏற்றாதீர்கள். புதை இல்லாத ஒற்றை மர வில்லில் துளை போடும் யோசனையே வேண்டாம். லிம்ப் முனை வழியாகச் செருகும் இரட்டைத் துண்டுத் தூணி உறுதியானது, சத்தமும் குறைவு. ஆனால் மாட்ட, கழற்ற நாணை இறக்கியாக வேண்டும். வேட்டைக்கு மரத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கழற்ற நினைப்பவர்களுக்கு ஒத்துவராது.

எடையையும் பாருங்கள். 500 கிரெயின் (சுமார் 32 கிராம்) அம்பு ஐந்து சேர்ந்தால் 160 கிராமுக்குச் சற்று மேல், அத்தனையும் வில்லின் ஒரே பக்கத்தில். மூன்று அம்புத் தூணி போதும் என்பது எங்கள் கருத்து. எதை வாங்கினாலும் அம்புகளை நிரப்பி, விரல் முட்டியால் ரைசரைத் தட்டிப் பாருங்கள். இறகுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமோ, தொப்பிக்குள் உலோகச் சத்தமோ கேட்டால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.