நுவாங் மலை பேக்கேஜுக்கு 1,080 வெள்ளி போச்சு – பந்திங் ஆட்கள் கவனம்

பந்திங் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் இது. குனோங் நுவாங் ஒருநாள் ஏற்றத்துக்கு வேன், காட்டுக்குள் போக பெர்மிட், மலிம் என்கிற மலை வழிகாட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து தலைக்கு 180 வெள்ளி என்று முகநூலில் ஒரு கூட்டம் விற்கிறது. நாங்கள் ஆறு பேர் 1,080 வெள்ளி கட்டினோம். சப்பாத்துச் சேறு காயும் முன்னே எழுதுகிறேன்.

பஸ் நிலையத்துப் பக்கச் சாப்பாட்டுக் கடையில் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். மலைப்பாதையில் வரும் லோலோ முகாம் ஆறு, கணுக்காலளவு தண்ணீர், அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. பாதையில் சருகு மொறுமொறுவென்று கிடக்கிறது. "நேத்து எடுத்ததுண்ணே, தடம் காஞ்சு கெடக்கு. சின்னப் பிள்ளைங்ககூட ஏறும்." அந்த வாக்கை நம்பித்தான் அங்கேயே உட்கார்ந்து பணத்தை மாற்றினோம். இது நவம்பர். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். இந்த மாதத்தில் அந்தச் சருகு அப்படி மொறுமொறுக்காது. பழைய வீடியோ!

நுவாங் 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. உலு லங்காட் பங்சூன் பக்கம் முதல் 5 கிலோமீட்டர் போல அகலமான மண்பாதை. ஆபத்தில்லை, ஆனால் தொடையை அங்கேயே தின்றுவிடும். லோலோ தாண்டித்தான் உண்மையான ஏற்றம், பச்சாட் முகாம் வரை வேரைப் பிடித்து ஏறணும். பச்சாட் என்றாலே மலாயில் அட்டை, மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் பெங்காசே முகடு. உச்சி வந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் இறங்கி மறுபடி ஏறணும். போய்வர எட்டிலிருந்து பத்து மணி நேரம். விடிந்ததும் நடந்தால்தான் மழைக்கு முன்னே ஆற்றுக்குத் திரும்பலாம்.

4.30க்கு வரவேண்டிய வேன் வந்தது 6.15க்கு. நடக்கத் தொடங்கியபோது மணி 8.30. வழிகாட்டியாக வந்த பையனிடம் மலிம் அட்டை கேட்டால் "ஆபீஸ்ல இருக்கு". முதலுதவிப் பை இல்லை, கயிறு இல்லை. பெர்மிட் என்று காட்டிய படத்தில் ஆறு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

பச்சாட்டில் இடி இடித்ததும் திரும்பினோம். லோலோ ஆறு இடுப்பளவு, தேத்தண்ணி நிறம், இலையும் சுள்ளியும் சுழன்று வருகிறது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் இருந்தாலும் இப்படித்தான் இறங்கும், கெப்பாலா ஆயேர் என்பது இதுதான். அந்தப் பையனோ "கை கோத்துக் கடந்திடலாம்" என்கிறான்! ஒருவரையும் இறங்க விடவில்லை. கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர் மட்டம் ஒரு முழம் இறங்கி, அடிக்கல் தெரியும்வரை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

மறுநாள் 1,080 வெள்ளியைத் திருப்பிக் கேட்டால் முதலில் "மழை எங்க கையிலயா இருக்கு அண்ணே". பிறகு "அட்மின் லீவு". பிறகு அடுத்த ட்ரிப்புக்குத் தலைக்கு 30 வெள்ளி கழிவாம். இன்சூரன்ஸ் எண்ணைக் கேட்டதும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 1,080 வெள்ளி! தோட்டத்துச் சம்பளத்தில் அது என்ன தொகை என்று அவர்களுக்குத் தெரியாதா?

என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. பெர்மிட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். தடம் எப்படி என்று விற்பவரைக் கேட்காதீர்கள், அந்த வாரம் இறங்கி வந்தவரைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, மோசடிப் புகார் இருக்கிறதா பாருங்கள். ஏறும்போது கம்போங் அடிடாஸ் என்கிற ரப்பர் சப்பாத்து, தலைவிளக்கு, மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். பணம் கட்டி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். நானும் திங்கட்கிழமை ரசீதோடு போகிறேன்.