வெட்டுவால் அல்ஃபாவோடு ஒன்பது வருடம்

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் நாலு கதவும் பெரிய டிக்கியும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் கொண்டுவந்து நிறுத்தியது 1974ஆம் ஆண்டின் அல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000. இரண்டு கதவு, துணிக் கூரை. "தம்பி, பிள்ளையளை எதிலை ஏத்திக்கொண்டு போவாய்?" என்றார் மேல்மாடி அண்ணை. ஒன்பது வருடமாகியும் அவர் கேள்வி மாறவில்லை.

வடிவம் பினின்ஃபரினா என்ற இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனத்துடையது. 1966இல் வந்த முதல் ஸ்பைடரின் வால் உருண்டு நீண்டிருக்கும். இத்தாலியர்கள் அதைக் கணவாய் ஓடு என்பார்கள். கடற்கரையில் கணவாய் ஓடு பொறுக்கி வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. 1970இல் வாலை நேராக வெட்டிவிட்டார்கள். என்னுடையது அந்த வெட்டுவால். பழையதுதான் அழகு, ஆனால் அதன் விலை எனக்குக் கட்டாது.

வேகம் பிடிக்குமென்று இதை வாங்காதீர்கள். இன்றைய சாதாரண டீசல் காரே முந்திக்கொண்டு போகும். இதில் சுகம் வேறு. டாஷ்போர்டின் கீழிருந்து சரிந்து வரும் கியர்த் தண்டு, நடுவில் ஒலியோ (ஒயில்), அக்குவா (தண்ணீர்ச் சூடு), பென்சீனா (பெற்றோல்) என்று மூன்று சின்ன வட்டங்கள். அக்குவா ஊசி ஏறிவிட்டதென்று அவசரப்படக்கூடாது. எஞ்சினுக்குள் ஆறு லீற்றருக்கு மேல் ஒயில், அது சூடாக இன்னும் நேரம் வேண்டும். கியர்ப்பெட்டியும் அப்படித்தான். குளிரில் இரண்டாம் கியரை வற்புறுத்தக்கூடாது. முதல் வருடம் வேலைக்குப் பிந்திவிட்டதென்று வற்புறுத்தினேன். கரகரவென்று ஒரு சத்தம். அந்தத் தடவை ஊருக்குப் போக வைத்திருந்த டிக்கெட் காசு கியர்ப்பெட்டிக்குப் போனது. பிழை என்னுடையதுதான்.

மூன்றாம் வருடம் கால்விரிப்பைத் தூக்கினேன். விரலால் அழுத்த, தகட்டுக்குள் விரல் போனது! விற்றவர் கறளின் மேல் புது விரிப்பை ஒட்டியிருந்தார். வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்க முன் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கறள் பிடித்த அடித்தளம்தான் ஆளை விழுங்கும்.

30 வயது கடந்த காருக்கு இங்கே வழமையான வீதி வரி இல்லை, ஓட்டினால் ஒரு சிறு தொகை. பெற்றோல்தான் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தாண்டாது.

சரி, பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? வசந்தத்தில் ஒரு ஞாயிறு கூரையைத் திறந்துகொண்டு, பலெர்மோவுக்குக் கிழக்கே மலையில் இருக்கும் செர்தா என்ற சிற்றூருக்குப் போங்கள். 1906இல் தொடங்கிய தார்கா ஃப்ளோரியோ கார்ப் பந்தயம் ஓடிய மலைப்பாதை அது, ஒரு சுற்று 72 கிலோமீற்றர். பார்வையாளர் மேடைகள் இன்னும் வீதியோரம் நிற்கின்றன. பலெர்மோவில் பள்ளி ஆசிரியராக இருந்த நீனோ வக்கரெல்லா இங்கே மூன்று தடவை வென்றவர். அதில் 1971உம் 1975உம் அல்ஃபாவில். வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது, சூடேறிய பெட்டியில் கியர் வெண்ணெயில் கத்தி போல் விழும். அந்த ஒரு நொடிக்காக எத்தனை விரிப்பையும் தூக்கலாம்.

போன ஏப்ரலில் செர்தா கோப்பிக் கடை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றேன். கைத்தடியோடு ஒரு கிழவர் வந்தார். எந்த நாட்டுக்காரன் என்று கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து புகைக்குழாய்ப் பக்கம் மணந்துவிட்டு, "பெற்றோல் கூடப் போகிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் கரி.