வால் எண்ணை நம்பாதே: விமானப் பதிவுத் தரவுத்தளத்தோடு ஏழு வருடம்

2018 கடைசியில் மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா கட்டினேன். கீழே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, அதில் செருகிய யூஎஸ்பி ரேடியோ டாங்கிள். மேலே போகிற விமானம் 1090 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் கத்திக்கொண்டே போகும். ஆனால் அது தன்னை அடையாளம் சொல்வது ஆறு இலக்க ஹெக்ஸ் எண்ணில் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை மட்டும்). 80 முதல் 83 வரை எதிலாவது தொடங்கினால் இந்திய விமானம். வாலில் எழுதியிருக்கும் பதிவெண் என்ன, வகை என்ன, எந்த நிறுவனம் ஓட்டுகிறது என்பதையெல்லாம் இணையத் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் தப்பாக இருந்ததைத் திருத்தி அனுப்ப ஆரம்பித்தவன், இப்போது இந்தியப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சில தன்னார்வலர்களில் ஒருவன். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

தேடல் வேகத்தில் குறையில்லை. பதிவெண்ணை மட்டுமில்லாமல் எம்எஸ்என், அதாவது தொழிற்சாலை கொடுத்த வரிசை எண்ணை வைத்தும் தேடலாம். அதன் அருமை ஒரு தப்பு செய்த பிறகுதான் புரிந்தது. ஆர்வக்கோளாறில் அமெரிக்கப் பக்கத்தில் கை வைத்தேன். அங்கே 'என்' எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணை ஒருவர் கைவிட்டால் அது பிற்பாடு வேறு விமானத்துக்குப் போகும். அப்படி வந்த ஒரு செஸ்னா சிறு விமானத்தின் விவரத்தைப் பழைய வரியின் மேலேயே எழுதிவிட்டேன். முந்தைய விமானத்தின் வரலாறு மொத்தமும் போச்சு. நல்லவேளை, காப்புப் பிரதி இருந்தது.

பதிவெண் வாடகை வீட்டு விலாசம் மாதிரி. ஒரு ஏர்பஸ் ஏ320 ஹாம்பர்க்கில் சோதனைக்குப் பறக்கும்போது ஜெர்மனியின் 'டி', இண்டிகோவிடம் வந்தால் இந்தியாவின் 'விடி', குத்தகை முடிந்தால் இன்னொரு நாட்டு எழுத்து. நாடு மாறினால் ஹெக்ஸும் மாறும். மாறாமல் கூடவே வருவது எம்எஸ்என் மட்டும்தான்.

பெரிய வேலை என்று நான் பயந்தது விஸ்தாரா இணைப்பு. 2024 நவம்பர் 12 அன்று 70 விமானங்கள் ஏர் இந்தியாவுக்குப் போயின. பதிவெண்கள் அப்படியே இருந்ததால் நிறுவனம் என்ற கட்டத்தை மாற்றியதோடு சரி. பாடாய்ப் படுத்தியது கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம். 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது 2024 ஏப்ரல் 26 அன்று. இடைப்பட்ட ஒரு வருடம் அவை பதிவேட்டில் இருந்தன, வானத்தில் இல்லை. ஒருவர் 'பயன்பாட்டில்' என்று போடுவார், அடுத்தவர் 'நிறுத்தம்' என்று மாற்றுவார், விடிந்தால் பழையபடி. கடைசியில் பதிவு நிலைக்கு ஒரு கட்டம், பறக்கும் நிலைக்கு ஒரு கட்டம் என்று பிரித்தார்கள். கூடவே 'கடைசியாக உறுதிசெய்த தேதி' வந்தது. இப்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தேதி பழசென்றால் மற்ற கட்டங்களை நம்பமாட்டேன்.

இண்டிகோ பெயரில் டெல்லி–இஸ்தான்புல் பறந்த போயிங் 777-களின் வாலில் துருக்கியின் 'டிசி' இருந்தது. டிரைவரோடு வாடகைக்கு எடுத்த கார் மாதிரி, டர்க்கிஷ் ஏர்லைன்ஸிடமிருந்து விமானிகளோடு எடுத்தவை. அதை 'விடி' என்று "திருத்தி" அனுப்புகிறவர்கள் ஓய்வதே இல்லை.

உரிமையாளர் பெயர்க் கட்டம் தனி ஆட்களின் விமானத்துக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றும். நான் நிரப்புவதில்லை.

குறை என்றால் கைபேசிப் படிவம். எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்தாலும் வாங்கிக்கொள்கிறது. ஹெக்ஸில் 'ஓ' என்ற எழுத்தே கிடையாது. போன வாரம்கூட அப்படி இரண்டு வரிகளைப் பிடித்தேன். ஒன்று நான் போட்டது.