இலை தொங்கும் பீஸ் லில்லி: டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நாலு வருஷம்

2021 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆயா தன் கொல்லையில் மண்டிக் கிடந்த பீஸ் லில்லியிலிருந்து ஒரு பக்கக் கன்றைப் பிரித்துக் கொடுத்தார். சேம்பு குடும்பத்துச் செடி. நாம் பூ என்று சொல்லும் அந்த வெள்ளை மடல் உண்மையில் ஒரு இலைதான். நடுவில் நிற்கும் தண்டில்தான் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். கொடுக்கும்போது ஆயா ஒன்று சொன்னார்: “தண்ணி நெறைய ஊத்தாதே தம்பி. சட்டியைத் தூக்கிப் பாரு, அது சொல்லும்.”

டர்பனில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாமல் போனது. கடல் காற்றின் ஈரம், வராந்தாவில் மாமர நிழல். எப்போதாவது இலை தொங்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் மூன்று நாலு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அதனால் “இலை தொங்கினால் தாகம்” என்று மனதில் பதித்துக்கொண்டேன். பிறகு 2023-இல் செடியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனது அந்தப் பாடம்தான்.

2023 ஜனவரியில் வேலை மாற்றத்தில் ஜோகன்னஸ்பர்க் வந்தோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். மழையெல்லாம் கோடையில்தான், ஜூன், ஜூலையில் உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று காய்ந்துவிடும், இரவில் குளிர் எலும்புக்குள் இறங்கும். மே மாதக் கடைசியில் செடி தொங்க ஆரம்பித்தது. ஊற்றினேன். நிமிரவில்லை. மறுநாளும் ஊற்றினேன். இன்னும் தொங்கியது.

காரணம் ஒன்றாக இருந்திருந்தால் சீக்கிரம் பிடிபட்டிருக்கும். மூன்று சேர்ந்து வந்தன.

முதலாவது ஜன்னல். வீடியோக்களில் எல்லோரும் “வடக்கு ஜன்னலில் வையுங்கள், நேர் வெயில் வராது” என்கிறார்கள். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். குளிர்காலத்தில் தாழ்வாகப் போவதால் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் அறையின் பாதி தூரம் வரை உள்ளே வரும். நான் வைத்திருந்ததோ நடு வெயிலில். மதியம் தொங்கி, சூரியன் இறங்கியதும் கொஞ்சம் நிமிர்ந்தால் அது வெயில், சூட்டுத் தொங்கல். இலை ஆவியாக விடும் தண்ணீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். மண் ஈரமாக இருந்தாலும் இது நடக்கும். இடத்தை மாற்ற வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. இங்கே தெற்கு ஜன்னல்தான் இந்தச் செடிக்கு ஏற்றது.

இரண்டாவது குளிர். 2023 ஜூலை 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்தது; 2012-க்குப் பிறகு அப்போதுதான். பிள்ளைகளோடு ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றோம். கண்ணாடியை ஒட்டியிருந்த இலைகள் மறுநாள் வேகவைத்த கீரை போலக் கறுத்துத் துவண்டு கிடந்தன. வெப்ப மண்டலச் செடி. 12 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. அந்த இலைகள் திரும்பவில்லை, வெட்டிவிட்டேன். இப்போது மே முதல் ஆகஸ்ட் வரை செடி கண்ணாடியிலிருந்து ஒரு முழமாவது தள்ளித்தான் இருக்கும். ஹீட்டர் பக்கத்திலும் வைப்பதில்லை, அந்த அனலில் இலை நுனி கருகிவிடும்.

மூன்றாவது வேர் அழுகல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமான செடிகள் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இலை விறைப்பாக நிற்பது அதன் செல்களுக்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தால். சைக்கிள் டியூபில் காற்று மாதிரி. தண்ணீர் வராவிட்டால் அழுத்தம் குறைந்து இலை தொங்கும். தண்ணீர் வராமல் போக இரண்டு வழி: மண்ணில் தண்ணீர் இல்லை, அல்லது அதை உறிஞ்ச வேர் இல்லை. மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் அதிலுள்ள காற்று இடுக்குகள் அடைபட்டு, வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். அப்புறம் தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் செடிக்குத் தாகம்தான். நாமும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். மேலே பார்க்கும்போது இரண்டும் ஒரே தொங்கல்.

நான் தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாடை வந்தது. நல்ல வேர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். என்னுடையதில் பாதிக்கு மேல் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் மிஞ்சியது. கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகியதை எல்லாம் வெட்டினேன். மஞ்சளான இலைகளையும் எடுத்தேன். இருக்கிற வேர் இருக்கிற இலையைத்தானே காப்பாற்ற முடியும். தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் கல் பொரி) ஒரு பங்கு, பைன் பட்டைத் துண்டு ஒரு பங்கு கலந்து, பழையதைவிடச் சின்னத் தொட்டியில் நட்டேன். பெரிய தொட்டி வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அதே கதை திரும்பும். இரண்டு மாதம் உரமே கிடையாது. ஐந்தாவது வாரம் சுருட்டிய புது இலை ஒன்று வந்தது. அன்று ஆயாவுக்கு போன் போட்டேன். “தூக்கிப் பார்த்தியா இல்லையா?” என்றுதான் முதலில் கேட்டார்.

இனி நான் வாங்கிய பொருட்கள். மண் ஈரம் காட்டும் மீட்டர், கம்பியைச் செருகினால் முள் நகரும் சாதாரண வகை, ஒன்றரை வருஷம் பயன்படுத்தினேன். வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. அது தண்ணீரை அளப்பதில்லை. இரண்டு உலோகத்துக்கு நடுவே ஓடும் சின்ன மின்சாரத்தைக் காட்டுகிறது. மண்ணில் உப்பு, உரம் அதிகமானால் முள் ஏறிவிடும். கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் செருகிப் பார்த்தேன், கிட்டத்தட்ட ‘காய்ந்தது’ என்றது. அதே தண்ணீரில் ஒரு சிட்டிகை உரம் போட்டதும் ‘ஈரம்’ என்றது. பட்டைத் துண்டு கலந்த மண்ணில் கம்பி சரியாக ஒட்டாமல் தப்பாகவும் காட்டும்.

அதற்குப் பதிலாக வீட்டிலேயே இருந்தது சமையல் தராசு. நன்றாகத் தண்ணீர் விட்டு, அடித்துளையில் வடிந்து முடித்ததும் என் தொட்டி 2.9 கிலோ. இலை தொங்கத் தொடங்கும்போது 1.7. அதனால் 2 கிலோவுக்கு வந்ததும் ஊற்றுகிறேன். பிப்ரவரியில் ஐந்து நாளில் அந்த எடைக்கு வரும். ஜூலையில் பன்னிரண்டு, பதிமூன்று நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்று கணக்கு வைத்திருந்தால் இரண்டு பருவத்திலும் தப்பாகியிருக்கும். சில மாதம் எடை போட்ட பிறகு கையே சொல்லிவிடுகிறது. இப்போது தராசை எடுப்பதே அபூர்வம்.

தொட்டி லேசாக இருந்து, ஊற்றியது உடனே அடியில் ஓடிவந்தால் ஏமாந்துவிடாதீர்கள். நார்மண் முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழியவிடும். ஒரு வாளியில் பாதித் தொட்டி மூழ்கும் அளவுக்கு அரை மணி நேரம் வைத்து, பிறகு வடியவிடுங்கள். அதேபோல மண் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் உர உப்பு சேர்ந்திருக்கிறது. குழாயடியில் வைத்து மூன்று நாலு தடவை அலசிவிட்டால் சரியாகும்.

திரி வைத்த, தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டியும் 2024-இல் வாங்கினேன். கோடையில் அருமை. டிசம்பரில் மூன்று வாரம் டர்பன் போய் வந்தபோது ஒரு இலை கூடத் தொங்கவில்லை. குளிர்காலத்தில் மட்டும் அடித்தட்டில் தண்ணீர் நிரப்பக் கூடாது. செடி குடிக்காத நேரத்திலும் திரி ஏற்றிக்கொண்டே இருக்கும், மண்ணில் சின்னக் கறுப்புப் பூச்சிகளும் வந்துவிடும். மே மாதம் திரியை உருவிவிட்டுச் சாதாரணத் தொட்டியாக வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் இதை எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயைக் குத்தி, எச்சில் ஒழுக வைத்துவிடும்.

இந்த வருஷம் செடி பக்கவாட்டில் நாலு கன்று விட்டிருக்கிறது. வேர் தொட்டியைச் சுற்றி நெருக்கிவிட்டதால் ஊற்றிய மூன்றாம் நாளே எடை இறங்கிவிடுகிறது. செப்டம்பரில் குளிர் விட்டதும் பிரித்து, ஒரு கன்றை ஆயா வீட்டுக்கு எடுத்துப்போகிறேன்.